18,500 ரூபாய் போச்சு: நெட்வொர்க் வேலை கொடுப்பவர்கள் இதைப் படியுங்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறோம். மேல்வீட்டு நெட்டை 80 மீட்டர் கீழே இறக்க வேண்டும். ஊட்டியில் சிசிடிவி, நெட்வொர்க் சாமான் விற்கும் ஒரு கடையைப் பிடித்தேன். கேபிள், சுவிட்ச் (ஒரு நெட் லைனைப் பல கேபிளாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), வெளியில் மாட்டும் வைஃபை பெட்டி, கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். மொத்தமும் முன்பணமாக.

ஏன் கொடுத்தேன்? வந்த பையன் திண்ணையில் உட்கார்ந்து, "ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு" என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியையும் அடுக்கி, பிளக்கில் வைத்து அழுத்திப் பொருத்தினான் (கிரிம்ப் என்பார்கள்). தொழில் தெரிந்த பிள்ளை என்று இன்னொரு டீ வேறு போட்டுக் கொடுத்தேன்.

மறுநாளே வைஃபை பெட்டி அணைந்து அணைந்து எரிந்தது. பையன் திரும்பி வந்தான், எல்லாவற்றையும் கழற்றி மாட்டினான். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. சுவிட்ச் செத்துவிட்டது.

கடைக்குப் போன் செய்தேன். "இடி விழுந்திருக்கும்க்கா." அன்றைக்கு மேகமே இல்லை! அடுத்த முறை, "உங்க வீட்டு வோல்டேஜ் சரியில்லைங்க." மூன்றாவது முறை, ஓனர் கோவைக்குப் போயிருக்கிறாராம். நான்கு நாளாகக் கோவையிலேயே இருக்கிறார். என் 18,500 ரூபாயும் அவரோடு போய்விட்டது.

நெட்வொர்க் வேலை செய்யும் என் அக்கா மகன் வந்து பிளேடால் கம்பியைச் சுரண்டினான். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு! தடை அதிகம், அத்தனை தூரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். அதனால்தான் பெட்டி அணைந்திருக்கிறது. சுவிட்ச் எரிந்தது வேறு கதை. வெளிப்பெட்டிக்கு நெட் கேபிள் வழியாகவே கரண்ட் அனுப்ப ஒரு சின்ன அடாப்டர் உண்டு. அதில் ஒரே மாதிரி இரண்டு ஓட்டை, ஒன்று சுவிட்சுக்கு, ஒன்று வெளிப்பெட்டிக்கு; பையன் மாற்றிச் செருகிவிட்டான். 24 வோல்ட் நேராகச் சுவிட்சுக்குள்.

சரி, அவசரமாகச் சொல்கிறேன். பணம் கொடுக்கும் முன் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். அடாப்டரில் பிஓஇ (PoE, நெட் கேபிளிலேயே கரண்ட்) என்று போட்ட ஓட்டையிலிருந்து வரும் கேபிள் வெளிப்பெட்டிக்கு மட்டுமே. ரூட்டர், சுவிட்ச், லேப்டாப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பேசிவ் என்ற வகை அடாப்டர், எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கரண்டை அனுப்பிவிடும். கழற்றி மாட்டும்போது முதலில் அடாப்டர் பிளக்கைப் பிடுங்குங்கள். பில்லில் 'சுத்த காப்பர்' என்று எழுதி வாங்குங்கள். 18,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த பில்லில் 'கேபிள் வேலை' என்று மட்டும் இருக்கிறது.