குறுவைக்குக் கடன்: சங்கமா, நகையா, குழுவா, வியாபாரியா?

ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்தால் காவிரி டெல்டாவில் குறுவை நெல் சாகுபடி வேலை சூடு பிடிக்கும். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில்தான். விதை, உழவுக்கூலி, பிள்ளைகளின் கட்டணம் என்று எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும்போது, கடனை எங்கே வாங்குகிறோம் என்பது விளைச்சலையும் பாதிக்கும், வீட்டையும் பாதிக்கும்.

50,000 ரூபாய், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, தவணைக்குள் கட்டிவிட்டால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு என்றால் 7 சதவீதம். ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம், அதாவது 1,000 ரூபாய். நகைக்கடனுக்கு 9 சதவீதம் என்றால் 2,250. வெளியே மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால் 9,000 ரூபாய்.

வட்டியில் சங்கத்தை யாரும் நெருங்க முடியாது. ஆனால் நெற்பயிர் பணத்துக்காகக் காத்திருக்காது. அடியுரம் நடவோடு போக வேண்டும், தூர் கட்டும், அதாவது பயிர் பக்கக் கிளை விடும் பருவத்தில் யூரியா விழ வேண்டும். அந்த நாட்கள் தப்பினால் தூர் குறையும், கதிர் குறையும். பிறகு எவ்வளவு கொட்டினாலும் அது திரும்பாது. நில உரிமைக்குச் சிட்டா, சாகுபடிப் பதிவுக்கு அடங்கல் வாங்கி, விண்ணப்பம் நகர்ந்து, பணம் நடவு முடிந்த பிறகு கைக்கு வந்தால் வட்டியில்லாக் கடனாலும் மகசூல் கூடாது. கடனில் ஒரு பகுதியைச் சங்கங்கள் உரமாகவே தருவதை நான் நல்லது என்றுதான் சொல்வேன், மூட்டை சரியான நேரத்தில் கிடங்கில் இருந்தால்.

இந்த அவசரத்துக்கு நகைக்கடன்தான் கைகொடுக்கிறது. காலையில் போனால் மதியம் பணம். ஆனால் பெரும்பாலும் அடகுக்குப் போவது வீட்டுப் பெண்ணின் நகை. அறுவடை பொய்த்தால் ஏலக் கடிதம் வருவதும் அந்த நகைக்குத்தான். மீட்க முடியாமல், வெளியே நாலு நாள் வட்டிக்கு வாங்கிக் கட்டி, அதே நகையைத் திரும்ப வைப்பதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மகளிர் குழுக் கடனை, அதிலும் தனியார் நுண்கடனை, வயலில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடன் தருவதில் குறையில்லை, தவணைதான் சிக்கல். நெல் பணம் நாலு மாதம் கழித்து வரும். தவணையோ வாராவாரம், மிஞ்சினால் மாதாமாதம் வாசலுக்கு வரும். முதல் தவணையே கூலி வேலைக்குப் போன காசில்தான் கட்ட வேண்டும். பிறகு ஒரு குழுவின் தவணைக்கு இன்னொரு குழுவில் கடன். பால் மாடு, தையல் மெஷின் போல வாரம்தோறும் காசு பார்க்கும் தொழிலுக்கு அது பொருந்தும்.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் வட்டி கண்ணுக்கே தெரியாது. நெல்லை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும். பக்கத்திலேயே அரசின் நேரடி கொள்முதல் நிலையம் இருந்தும் அங்கே மூட்டையை இறக்க முடியாது. அந்த விலை வித்தியாசம்தான் வட்டி.

இவ்வளவு தெரிந்தும் வியாபாரியிடம் போவது யார்? வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர். அடங்கலில் நிலக்காரர் பெயர்தான் இருக்கிறது, அதனால் சங்கத்தில் கடன் கிடைப்பது கடினம். 2021-இல் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. சங்கத்தில் கடன் கிடைக்காதவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. குத்தகையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தும், நிலம் போய்விடும் என்ற பயத்தில் நிலக்காரர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். அப்படிப்பட்டவர்கள் நாலு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கியில் பயிர்க்கடன் கேட்க, வேளாண் வளர்ச்சி வங்கியான நபார்டின் திட்டத்தில் வழி இருக்கிறது. குத்தகைக்கு உழுபவர்கள் வியாபாரியிடம் போகுமுன் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நடவுக்கு இரண்டு மாதம் முன்பே கேட்க வேண்டும்.