மாட் கப்பல் ஓவராக இருந்தால் விலையை ஏற்றுவதா, பலத்தைக் குறைப்பதா?

ஸ்டார்செக்டர் என்ற விண்வெளிப் போர் வீடியோ கேமில் ஒரு மாட் கப்பல், அதாவது ரசிகர்கள் செய்து சேர்க்கும் கப்பல், அளவுக்கு மீறிப் பலமாக இருந்தால் சரிசெய்ய இரண்டு வழி சொல்வார்கள். டிப்ளாய்மென்ட் பாயின்டை, அதாவது போரில் கப்பலை இறக்க ஆகும் விலையான டிபியை ஏற்றுவது ஒன்று. கப்பலின் எண்களிலேயே கைவைப்பது இன்னொன்று. பெரிய கப்பல் என்றால் என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

முதலில் அளவுகோல். அசல் ஆட்டத்தின் பெரிய போர்க்கப்பல்களில் ஆன்ஸ்லாட் 40 டிபி, பாராகன் 60. விலை ஒன்றரை மடங்குதான், ஆனால் ஷீல்டைக் கணக்குப் போட்டால் கதை வேறு. அடியை ஷீல்ட் தாங்கும்போது ஃப்ளக்ஸ் என்ற சுமை ஏறும், அது கொள்ளளவை எட்டினால் கப்பல் திணறும். அடியில் எவ்வளவு ஃப்ளக்ஸாக மாறும் என்பதுதான் எஃபிஷியன்சி, அந்த எண் குறைந்தால் நல்லது. கைனெட்டிக் வகை ஆயுதத்தின் அடி ஷீல்டில் இரட்டிப்பாக விழும். 1000 கைனெட்டிக் டேமேஜுக்கு, எஃபிஷியன்சி 1.0 உள்ள ஆன்ஸ்லாட்டில் 2000 ஃப்ளக்ஸ் ஏறும், 0.6 உள்ள பாராகனில் 1200தான் ஏறும். ஃப்ளக்ஸ் கொள்ளளவு 17000, 25000 என்று வைத்தால், ஒன்று 8500 டேமேஜில் திணறுகிறது, மற்றது இருபதாயிரம் தாண்டியும் தாங்குகிறது! அப்படியும் பாராகன் எனக்கு அநியாயமாகத் தெரிவதில்லை, ஏனென்றால் அதன் வேகம் 30, விலகி ஓடுகிற பெரும்பாலான கப்பல்களை அதனால் துரத்திப் பிடிக்க முடியாது. அதை அடக்கி வைப்பது 60 டிபியைவிட அந்த மந்தம்தான்.

அதே 0.6 ஷீல்டோடு வேகம் 70இல் ஒரு மாட் கப்பல் வருகிறது என்று வையுங்கள். 40 டிபியை 60 ஆக்கினால் தீருமா? தீராது. கப்பல்களை ஓட்ட நாம் அமர்த்தும் ஆபீசர்கள் வழக்கமாக எட்டுப் பேர்தான், கப்பலில் நிரந்தரமாகப் பதிக்கும் மேம்பாடான எஸ்-மாடும் கப்பலுக்கு இத்தனை என்றுதான் கணக்கு, டிபிக்கு இத்தனை என்று இல்லை. அதனால் பலத்தை ஒரே கப்பலில் குவிப்பவனுக்கு எப்போதுமே லாபம். அதை நாமே ஓட்டினால் இன்னும் மோசம், மீதிக் கப்பல்களுக்கு வேலையே இருக்காது.

டிபி ஏற்றுவது நன்றாக வேலை செய்யும் இடமும் உண்டு. கூட்டமாக இறக்கும் க்ரூஸரை, அதாவது ஒரு படி சிறிய கப்பலை, 20இலிருந்து 25 ஆக்கினால், 120 டிபிக்கு ஆறு வந்த இடத்தில் நான்குதான் வரும். கப்பலின் குணமும் கெடாது. எண்களை வெட்டினால் அந்தக் குணம் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான், வேகத்துக்காகவே செய்த கப்பலில் வேகத்தைக் குறைத்தால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது? அங்கே ஷீல்டில் கைவையுங்கள். இன்டர்ஸ்டெல்லார் இம்பீரியம் மாடில் ஆர்மர், டார்கெட்டிங், எலைட் என்ற மூன்று பேக்கேஜில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட வேண்டும் என்பது அங்கே வடிவமைப்பிலேயே இருக்கிறது.

நீங்களே மாற்றுவதானால் மாடின் ஹல்ஸ் ஃபோல்டரில் உள்ள ஷிப் டேட்டா சிஎஸ்வி கோப்பைத் திறந்து 0.6ஐ 0.8 ஆக்கிப் பாருங்கள். ஆயுதமும் கருவிகளும் பொருத்தக் கிடைக்கும் ஆர்ட்னன்ஸ் பாயின்டைக் குறைக்காதீர்கள், மாடரே அமைத்து வைத்த ஆயுத அமைப்புகள் அதை மீறிவிடும். மாட் அப்டேட் ஆனால் நம் மாற்றம் அழிந்துவிடும், அதனால் நகல் ஒன்று இருக்கட்டும். பிறகு ஆபீசர் இல்லாமல், ஆட்டோபைலட்டில், சிமுலேட்டரில் ஓர் ஆன்ஸ்லாட்டோடு மோதவிடுங்கள். ஹல்லில், அதாவது கப்பலின் உடலில், கீறல்கூட விழாமல் ஜெயித்தால் இன்னும் குறைக்க வேண்டும்.