பிரவுன்ஸ் ஆட்டமும் அக்டோபர்ஃபெஸ்ட் பீரும்: கிளீவ்லண்டில் பல இலையுதிர்காலங்களின் அனுபவம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லண்டில் வெயில் குறைவதற்கு முன்பே கடைகளில் இலையுதிர்கால பீர்கள் வந்து இறங்கிவிடும். செப்டம்பரில் ஊர் அணியான பிரவுன்ஸின் ஆட்டங்கள் தொடங்கும். பல வருஷங்களாக இரண்டையும் சேர்த்தே அனுபவித்து வருகிறேன். ஞாயிறு மதியம் ஒரு மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும் ஆட்டத்துக்கு எந்த பீர் துணைக்கு வரும், எது பாதியிலேயே திகட்டும் என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு. புதிதாக இந்தப் பக்கம் குடிவருபவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் அணி. இது அமெரிக்கக் கால்பந்து; ஹெல்மெட் போட்டு ஆடுவது. 1946-இல் பால் பிரவுன் பயிற்சியில் தொடங்கிய பிரவுன்ஸ், 1950, 1954, 1955, 1964 ஆண்டுகளில் என்.எஃப்.எல் எனும் தேசிய லீகின் சாம்பியன். அதற்கப்புறம் ஒரு பட்டமும் இல்லை. லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு இதுவரை ஒருமுறைகூடப் போனதில்லை. 1995 சீசன் முடிந்ததும் உரிமையாளர் ஆர்ட் மோடெல் அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோனார். ஊரே கிளம்பிப் போராடியதால் பெயரும் நிறமும் பழைய சாதனைகளும் கிளீவ்லண்டுக்கே என்று ஆயிற்று. ஆனால் ஆட்டம் மட்டும் இல்லை. 1999-இல்தான் புது அணி வந்தது. நடுவில் போன அந்த மூன்று சீசன்களைப் பற்றி இங்குள்ள பெரியவர்கள் இன்றும் குரல் இறங்கித்தான் பேசுகிறார்கள். தோற்கிற அணியை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான். அணியே இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தவர்களுக்குத் தோல்வி அவ்வளவு பெரிய விஷயமில்லை.

தோல்விகளுக்கும் குறைவில்லை. 2016-இல் ஒரே ஒரு வெற்றி, 15 தோல்வி. 2017-இல் 16 ஆட்டம், 16 தோல்வி. இதையெல்லாம் களத்திலேயே நின்று பார்த்தவர் ஜோ தாமஸ். பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப் என்பார்கள். 2007-இலிருந்து 2017-இல் கை தசை கிழியும்வரை தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப்கள், ஒன்றைக்கூட விடாமல் நின்றார். பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் நாக்-அவுட் ஆட்டம், ஒன்றுகூட அவருக்கு வாய்க்கவில்லை. 2023-இல் இதே ஒஹாயோவின் கேன்டன் நகரில், கால்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். எனக்கு இந்த அணி என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.

சரி, பீருக்கு வருவோம். என் வீட்டில் சீசன் முழுக்க இருப்பது கிரேட் லேக்ஸ் அக்டோபர்ஃபெஸ்ட். பேட்ரிக், டேனியல் கான்வே சகோதரர்கள் 1988-இல் ஒஹாயோ சிட்டி பகுதியில் தொடங்கிய கம்பெனி இது. 1912-இலிருந்து நடக்கும் வெஸ்ட் சைட் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். மார்க்கெட்டில் சாசேஜ் வாங்கிக்கொண்டு அப்படியே அங்கே போய் உட்கார்ந்தால் ஒரு சனிக்கிழமை நல்லபடியாகக் கழியும்.

இந்த பீர் மெர்ட்சன் வகை. பழைய பவேரியாவில் கோடையில் பீர் காய்ச்சினால் கெட்டுப்போகும் என்பதால், 1553-இல் வந்த ஆணை ஏப்ரல் 23-க்கும் செப்டம்பர் 29-க்கும் இடையே காய்ச்சுவதைத் தடுத்தது. அதனால் மார்ச் மாதம் கொஞ்சம் கனமாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் கோடை முழுக்க வைத்திருந்து, குளிர்காலம் வருமுன் குடித்துத் தீர்த்தார்கள். இன்று குளிரூட்டி இருக்கிறது, மார்ச் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நிதானமாகக் குளிரில் முதிரவிடும் வழக்கம் போகவில்லை. நாக்கில் அது தெரிகிறது.

கண்ணாடி கிளாஸில் ஊற்றினால் செம்பு நிறம். முதல் மடக்கில் வறுத்த ரொட்டியின் ஓரம் போல ஒரு மணம், லேசான தித்திப்பு, விழுங்கியதும் அந்தத் தித்திப்பு நிற்காமல் வறண்டு முடிகிறது. இந்த முடிவுதான் முக்கியம். இனிப்பு வாயிலேயே ஒட்டிக்கொண்டால் இரண்டாவது கிளாஸ் கேட்காது. ஆல்கஹால் 6.5 சதவீதம், அதாவது சாதாரண லாகர் வகை பீரைவிடக் கொஞ்சம் தூக்கல். நான் முதல் பாதிக்கு ஒன்று, இரண்டாம் பாதிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடிக்காமல் பத்து நிமிஷம் வெளியே வையுங்கள். அப்போதுதான் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வாசம் எழும்பும்.

தொட்டுக்கொள்ள இங்கே எல்லோரும் பிராட்வர்ஸ்ட் எனும் ஜெர்மன் சாசேஜும் கடுகுச் சாஸும் வைப்பார்கள், கொழுக்கட்டை போன்ற பியரோகியும் உண்டு. எங்கள் வீட்டில் மிளகு தூக்கலாகப் போட்ட சிக்கன் வறுவல். காரத்தை இந்த மால்ட் தித்திப்பு அழகாகத் தணிக்கிறது. கசப்பு அதிகமுள்ள ஐ.பி.ஏ வகை பீரோடு அதே வறுவலைச் சாப்பிட்டுப் பாருங்கள், காரம் இன்னும் ஏறி நாக்கு எரியும். நம் சமையலுக்கு மெர்ட்சனைவிடப் பொருத்தமான பீர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜெர்மனியிலிருந்து வருவதில் ஐயிங்கர், பவுலானர் மெர்ட்சன் இரண்டும் 5.8 சதவீதம்தான், இன்னும் வழுவழுப்பு. ஐயிங்கர் கிடைத்தால் விடமாட்டேன். மூனிக் நகரின் அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழாக் கூடாரங்களில் அந்நகரத்தின் ஆறு கம்பெனிகளின் பீர் மட்டும்தான் ஊற்றுவார்கள். ஊரைத் தாண்டி இருக்கும் ஐயிங்கருக்கு அங்கே இடமில்லை. அதோடு, அங்கே இப்போது ஊற்றப்படுவது பெரும்பாலும் வெளிர்மஞ்சள் பீர். செம்பு நிற மெர்ட்சனை அமெரிக்கர்கள்தான் இன்று அதிகம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதில் சாமுவேல் ஆடம்ஸ் கம்பெனியின் அக்டோபர்ஃபெஸ்ட் எல்லா இடத்திலும் கிடைக்கும், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பூசணி பீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செப்டம்பர் வந்தால் ஊரே அதைத்தான் கேட்கிறது. சதர்ன் டியர் கம்பெனியின் பம்கிங் 8.6 சதவீதம், அக்ரானில் ஹாப்பின் ஃபிராக் செய்யும் ஃபிராக்ஸ் ஹாலோ 8.4. இரண்டிலும் பட்டை, ஜாதிக்காய், கிராம்பு வகையறா மசாலாதான் முன்னே நிற்கும். நன்றாகச் செய்த பீர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்துக்கு ஆகாது. ஒரு சின்ன கிளாஸ், சாப்பாடு முடிந்த பிறகு, பாயசம் சாப்பிடும் நேரத்தில் என்றால் சரி.

ஆட்டத்தையும் பீரையும் ஊரே சேர்த்து அனுபவித்த ஓர் இரவு உண்டு. 2018 சீசனுக்கு முன்பு பட் லைட் கம்பெனி கிளீவ்லண்ட் பார்களில் பெரிய குளிர்பெட்டிகளை வைத்துப் பூட்டியது. பிரவுன்ஸ் ஜெயித்தால் பூட்டு தானாகத் திறக்கும், பீர் இலவசம். முதல் ஆட்டம் பிட்ஸ்பர்க் அணியான ஸ்டீலர்ஸோடு 21-21 சமன், பெட்டி திறக்கவில்லை. இரண்டாவது தோல்வி. செப்டம்பர் 20, வியாழன் இரவு, ஜெட்ஸ் அணியோடு மூன்றாவது ஆட்டம். 14-0 என்று பின்தங்கியிருந்தபோது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டைராட் டெய்லர் காயத்தோடு வெளியேற, புதுமுகம் பேக்கர் மேஃபீல்ட் உள்ளே வந்தார். ஐந்தே நிமிஷத்தில் அரங்கத்தின் சத்தமே மாறிவிட்டது. 21-17 வெற்றி. 635 நாட்களுக்குப் பிறகு வந்த முதல் வெற்றி அது. பெட்டிகள் திறந்தன. கையில் கிடைத்தது வெறும் லைட் லாகர்தான். ஆனால் அன்று குடித்தவர்கள் யாரைக் கேட்டாலும், வாழ்நாளில் குடித்த சிறந்த பீர் அதுதான் என்பார்கள். பீரைப் பற்றி எழுதும்போது மால்ட், கசப்பு தரும் ஹாப்ஸ் பூ என்று எவ்வளவு அளந்தாலும், யாரோடு, எப்போது குடித்தோம் என்பதற்குத்தான் பாதி மார்க் போகிறது.

அப்புறம் நல்ல வருஷங்களும் வந்தன. 2020 சீசனில் 11 வெற்றி. 2021 ஜனவரியில் பிளேஆஃபில் பிட்ஸ்பர்க் போய் ஸ்டீலர்ஸை 48-37 என்று வீழ்த்தினார்கள். 2023-இல் 38 வயது குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோவைக் கூட்டிவந்து மறுபடி பிளேஆஃப். 2024-இல் திரும்பவும் 3 வெற்றி, 14 தோல்வி.

நவம்பரில் பெரும்பாலும் சீசன் கைவிட்டுப் போயிருக்கும். மெர்ட்சனும் கடையில் தீர்ந்துகொண்டிருக்கும். அந்தக் கட்டத்தில் நான் கிரேட் லேக்ஸ் கம்பெனியின் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் போர்ட்டருக்கு மாறுகிறேன். 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு மூழ்கிய சரக்குக் கப்பலின் பெயர் அது. வருஷம் முழுக்கக் கிடைக்கும் கறுப்பு பீர். காபி, கசப்புச் சாக்லேட் வாசம். ஏரிக்காற்று அடிக்கும் மாதத்தில்தான் அதன் அருமை தெரியும். கூடவே அதே கம்பெனியின் கிறிஸ்மஸ் ஏல்: தேன், இஞ்சி, பட்டை, 7.5 சதவீதம். பூசணி பீரில் எனக்கு ஒத்துவராத மசாலா இதில் ஒத்துவருகிறது, தேனும் இஞ்சியும் அதை அடக்கி வைப்பதால். 2024 நவம்பர் 21 இரவு, களத்தின் கோடுகள் தெரியாத அளவுக்குப் பனி கொட்ட, ஸ்டீலர்ஸை 24-19 என்று ஜெயித்த ஆட்டத்தை இதோடுதான் பார்த்தேன்.

வாங்கும்போது பாட்டிலில் தேதி பாருங்கள். மெர்ட்சனை வருஷக்கணக்கில் சேர்த்து வைப்பதில் பயனில்லை; பழசானால் ஈர அட்டை போல ஒரு சுவை வந்துவிடும். ஜனவரியில் தள்ளுபடிக்கு வைத்திருந்தால் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். வெளிச்சம் படும் அலமாரியில் பச்சை பாட்டிலில் நிற்பதையும் தவிருங்கள். ஆட்டத்துக்கு நேரில் போகிற நாளில் நான் காரைத் தொடுவதில்லை. ரெட் லைன் ரயிலில் டவர் சிட்டியில் இறங்கி ஏரிப் பக்கம் நடந்தால் அரங்கம். மியூனி லாட் எனும் கார் நிறுத்துமிடத்தில் காலையிலேயே அடுப்பு மூட்டிச் சமைப்பவர்கள், முகம் தெரியாதவரையும் கூப்பிட்டுத் தட்டை நீட்டுவார்கள். ஏதாவது கொண்டுபோய்க் கொடுங்கள், சிக்கன் 65 என்றால் உடனே காலியாகும்.

2029-இல் ப்ரூக் பார்க் புறநகரில் கூரை போட்ட புது அரங்குக்கு மாறத் திட்டம். அதற்குள் ஏரிக்கரையில் ஒரு டிசம்பர் ஆட்டமாவது பார்த்துவிடுங்கள். அணி தோற்றுக்கொண்டிருந்தால் டிக்கெட் விலை நன்றாக இறங்கியிருக்கும். இரண்டு ஜோடி சாக்ஸ், தலையை மூடும் குல்லா கட்டாயம்.