லக்னோவில் ஒரே ஒரு நாள்: ஹஸ்ரத்கஞ்சா, சௌக்கா?

ஹஸ்ரத்கஞ்ச் வெள்ளைக்காரர் காலத் தோற்றமுள்ள கடைத்தெரு. வளைவுகள் வைத்த வராந்தாக்கள், பழங்கால பாணி விளக்குக் கம்பங்கள், 2010 புதுப்பிப்பில் வந்த ஒரே மாதிரிப் பெயர்ப்பலகைகள். மாலையில் இங்கே சும்மா உலாத்துவதற்கே 'கஞ்சிங்' என்று பெயர். வாங்காமல் வேடிக்கை பார்த்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். இங்குள்ள தலைமை அஞ்சலகத்தைத் தவறவிடாதீர்கள். அது அன்றைய ரிங் தியேட்டர். 1925இல் விடுதலைப் புரட்சியாளர்கள் ரயிலில் போன அரசுப் பணத்தைக் கைப்பற்றிய காக்கோரி ரயில் வழக்கின் விசாரணை நடந்த இடம். இன்று அங்கே ஸ்டாம்ப் வாங்க நிற்கிறோம்!

சௌக் அதைவிடப் பழசு, நவாப் காலத்து வாசம். சந்துகளில் ஸ்கூட்டர் நம்மை உரசிக்கொண்டே போகும், கார் ஆசையே வேண்டாம். குளிர்காலக் காலையில் கோல் தர்வாஸா என்ற பழைய நுழைவாயில் பக்கம் போனால் மக்கன் மலாய் கிடைக்கும். பாலை இரவுப் பனியில் வைத்துக் கடைந்தெடுத்த மஞ்சள் நுரை, மேலே குங்குமப்பூ, பிஸ்தா. வாயில் வைத்ததும் காணாமல் போய்விடும். வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடும், அதனால் சோம்பேறிகளுக்கு இது கிடைக்காது. சிக்கன் துணியும் (கோழியில்லை, பூவேலை!) இங்கேதான் பேரம் பேசி வாங்கவேண்டும்.

ஜனவரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சௌக். மே மாதமென்றால் கஞ்ச், அதுவும் ஆறு மணிக்கு மேல்.