துருவை வெட்டி எடுத்ததாகச் சொல்லி பட்டி பூசிக் கொடுத்தார்கள்: பழைய ஹோல்டன் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கோபம் அடங்கட்டும் என்று இந்தப் பதிவை எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். அடங்கவில்லை. போன வாரம் மெல்பர்ன் கிளேட்டனில் ஒரு நண்பர், தன்னுடைய 1976 ஹோல்டன் கிங்ஸ்வுட் காரைத் துருவேலைக்கு விடப்போவதாகச் சொன்னார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டிருக்கிறார்கள், ரசீதில் "துரு வேலை" என்று ஒரே வரி. எனக்கு நடந்ததும் இதே வரியில்தான் ஆரம்பித்தது. அதனால் இன்று எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் கார் 1973 ஹோல்டன் ஹெச்க்யூ கிங்ஸ்வுட் செடான், 202 கன அங்குல எஞ்சின், டிரைமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர். 1971 ஜூலையில் வந்து 1974 வரை ஓடிய மாடல் இது. 4,85,000 கார்களுக்கு மேல் செய்தார்கள். அந்தக் காலத்து ஆஸ்திரேலியக் குடும்பங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோனதும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கேரவனை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனதும் இந்த மாதிரி கார்கள்தான். எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர் புதிதாக வாங்கி, நான்கு பிள்ளைகளை அதில் வளர்த்து, மனைவி போன பிறகு ஓட்ட மனமில்லாமல் கராஜில் மூடி வைத்திருந்தார். 8,500 டாலருக்கு எனக்குக் கொடுத்தார். சாவியைக் கொடுக்கும்போது, "மழை பெய்தால் டிக்கியில் தண்ணீர் வரும், பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையின் அர்த்தம் அன்று எனக்கு முழுதாகப் புரியவில்லை.

இயந்திர வேலைகளை வீட்டிலேயே நான் செய்தேன். முன்சக்கர டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டேன். ஹெச்க்யூவும் அதற்குப் பின் வந்த ஹெச்ஜே, ஹெச்ஜெட் போன்ற ஹோல்டன் மாடல்களும், டபிள்யூபி வரை, முன்பக்க பிரேக் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் பழைய ஹெச்ஜெட் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டேன். பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றினேன். எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் பாயின்ட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதிலாக, 1980இல் வந்த ஹோல்டனின் நீல நிற எஞ்சினின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினேன். குளிர்காலக் காலையிலும் ஒரே சாவித்திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இந்த வேலைகளை யாரும் வீட்டில் செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பழைய டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டித் தனியாக அப்புறப்படுத்துங்கள்.

தகர வேலைக்குத்தான் பயந்தேன். எனக்கு அப்போது வெல்டிங் தெரியாது. ஹெச்க்யூவில் துரு பிடிக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லாக் காரிலும் ஒன்றுதான்: பின்கண்ணாடியின் அடிவிளிம்பு, டிக்கித் தளம், முன் மட்கார்டின் கீழ்முனை, கதவின் அடிப்பகுதி, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் சில். இதில் சில் பகுதியும் தரையும் வெறும் அழகுக்கு இருப்பவை அல்ல. இந்தக் காரில் முன்பாதிக்கு மட்டுமே போல்ட்டில் மாட்டிய சப்ஃப்ரேம் என்ற தனி இரும்புச் சட்டம் உண்டு. அதற்குப் பின்னால் பாடிதான் காரைத் தாங்குகிறது. சில் உளுத்துப்போனால் மோதலில் காப்பாற்ற எதுவும் இல்லை. இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான், செலவானாலும் பரவாயில்லை என்று ஒரு டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

பட்டறைக்காரர் காரைச் சுற்றிவந்து ஒவ்வோர் இடமாகத் தட்டிப் பார்த்தார். "வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வெல்டிங் செய்துதான் கொடுப்பேன் மேட், பட்டி வேலை என் கடையில் கிடையாது" என்றார். பட்டி என்றால் ஓட்டையையும் பள்ளத்தையும் நிரப்பி மேலே பெயிண்ட் அடிக்கும் பசை. பின்கண்ணாடி விளிம்பு, இரண்டு சில், ஓட்டுநர் பக்கத் தரை, டிக்கித் தளம், எல்லாம் சேர்த்து 6,800 டாலர். பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். ஆறு வாரம் என்றவர் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார். நடுவில் இரண்டு தடவை நேரில் போனேன். ஒரு தடவை கார் வேறு ஷெட்டில் இருக்கிறது என்றார்கள், இன்னொரு தடவை பெயிண்ட் அறையில் இருக்கிறது, திறக்க முடியாது என்றார்கள். போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டதும் நான்கு படங்கள் வந்தன. அழகாக வெட்டி, பளபளவென்று புதுத் தகரம் வைத்த டிக்கித் தளம். அதைப் பார்த்து நிம்மதியாக மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

கார் வீட்டுக்கு வந்த அன்று என் மகள் கண்ணாடி போல் இருக்கிறது என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

நான்காம் மாதம் ஒரு பெருமழை. காலையில் டிக்கியைத் திறந்தால் ஸ்பேர் டயர் பள்ளத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். ஏழாம் மாதம் பின்கண்ணாடிக்குக் கீழே பெயிண்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியது. கடையைக் கூப்பிட்டேன். "பழைய கார், துரு திரும்ப வரத்தான் செய்யும், துருவுக்கு வாரன்டி இல்லை என்று ரசீதிலேயே இருக்கிறது" என்றார்கள்.

டாண்டினாங்கில் வெல்டிங் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரைத் தெரியும். ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். கையில் மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தம், பெயிண்டின் கனம் பார்க்கும் சின்ன மீட்டர். கூரையில் மீட்டரை வைத்தார், 140 மைக்ரான். பின்கண்ணாடிக்குக் கீழே வைத்தார், அளவே காட்டவில்லை, வரம்பைத் தாண்டிவிட்டது. காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. "தம்பி, இதுக்குள்ள தகரமே இல்லை, முழுக்கப் பட்டி" என்றார். நான் பேசாமல் நின்றேன்.

கிரைண்டர் வைத்து அறுத்தோம். பட்டி ஒரு விரல் கனத்துக்கு உடைந்து வந்தது. அதன் அடியில் பழைய துரு அப்படியே ஈரமாக இருந்தது. பின்கண்ணாடியை அவர்கள் கழற்றவே இல்லை. அதைச் சுற்றியுள்ள பளபளப்புப் பட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் ஐம்பது வருடத் துருவோடு இருந்த இடத்தில் இருந்தன. கண்ணாடியைக் கழற்றாமல் அந்த விளிம்பை வெட்டி வைக்கவே முடியாது. இடது சில்லைத் திறந்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. உள்ளே மஞ்சள் நிற ஃபோமை ஊதி நிரப்பி, அதன்மேல் மெல்லிய தகடு ஒன்றை ரிவெட் அடித்து, அதையும் பட்டியால் மூடி, கீழே அண்டர்சீல் என்ற கறுப்பு அடிப்பூச்சைத் தடவியிருந்தார்கள். தண்ணீர் வடிவதற்கென்று கம்பெனி வைத்த துளைகள் அத்தனையும் அந்த அண்டர்சீலில் அடைபட்டிருந்தன. ஃபோம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு நல்ல தகரத்தையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது. என் மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஏழு மாதம் நான் ஓட்டிய கார் அது.

அன்று இரவு அந்த நான்கு போட்டோக்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஹெச்க்யூ செடானுக்குப் பின்விளக்கு பம்பருக்குள் இருக்கும். அடுத்து வந்த ஹெச்ஜேயில்தான் விளக்குகள் பாடியின் மூலைக்கு ஏறின. போட்டோவில் இருந்த காரின் பின்மூலைகளில் விளக்குக்கான ஓட்டைகள் இருந்தன. அது என் காரே இல்லை. ஏழு மாதத்துக்கும் மேலாக என் ஃபோனில் இருந்த படம்.

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி எந்த வேலையையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்து கொடுக்க வேண்டும். "வாரன்டி இல்லை" என்று ரசீதில் அச்சடித்து அந்தப் பொறுப்பிலிருந்து கடைக்காரர் தப்ப முடியாது. இது தெரியாமல் பலர் அந்த வரியைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். முதலில் கடைக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். பதில் இல்லை. மாநில அரசின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவில் ஆலோசனை கேட்டுக்கொண்டு, பிறகு இந்த மாதிரி வழக்குகளை விசாரிக்கும் விகேட் (VCAT) தீர்ப்பாயத்தில் மனுப் போட்டேன். விசாரணைக்கு முன்னாலேயே 3,900 டாலர் தருகிறேன் என்று கடைக்காரர் இறங்கிவந்தார். ஒப்புக்கொண்டேன்.

முழுப் பணம் ஏன் கேட்கவில்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் கையில் இருந்த காகிதத்தில் "பேசியபடி துரு வேலை" என்று மட்டும்தான் இருந்தது. எந்த இடம், எத்தனை அடி, வெட்டி வெல்டிங்கா என்று எதுவும் இல்லை. காரைக் கொண்டுபோய் விட்ட அன்று நான் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. சில் பகுதியை வேறு யாரோ முன்பே இப்படிச் செய்திருக்கலாம் என்று அவர் சொன்னால், மறுத்து நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் பெரியவர் ஐம்பது வருடம் வைத்திருந்த காரில் இன்னொருவர் கைவைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், காகிதத்தில் இல்லை.

அதனால் கிளேட்டன் நண்பருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். எஸ்டிமேட் வேண்டாம், இடம் இடமாகப் பிரித்து எழுதிய கொட்டேஷன் வாங்குங்கள், "வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டிங்" என்ற வார்த்தைகள் அதில் இருக்க வேண்டும். விடுவதற்கு முந்தின நாள் ஒவ்வோர் இடத்தையும் போட்டோ எடுங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். வெட்டிய பிறகு, புதுத் தகரம் வைத்த பிறகு, பிரைமர் அடிக்கும் முன், இந்த மூன்று நேரத்திலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பார்க்க விடவில்லை என்றால் அன்றே காரை இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். போட்டோ அனுப்பினால் அதில் உங்கள் நம்பர் பிளேட்டும் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டி எடுத்த பழைய தகரத்தை உங்களிடமே கொடுக்கச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்தவர் அதை எடுத்து நீட்டத் தயங்கமாட்டார்.

இப்போது தகர வேலையை நானே கற்றுக்கொண்டு செய்கிறேன். அண்ணா சனிக்கிழமை தோறும் வந்து சொல்லிக்கொடுக்கிறார். ஒரு மில்லிமீட்டர் தகரத்தை ஒரே இழுப்பில் வெல்டிங் செய்தால் சூட்டில் நெளிந்துவிடும். ஒரு புள்ளி வைத்துவிட்டு, நாலு அங்குலம் தள்ளி அடுத்த புள்ளி, ஆறியதும் திரும்பி வந்து நடுவில் ஒன்று என்று பொறுமையாக நிரப்ப வேண்டும். பின்கண்ணாடி விளிம்புக்கு மட்டும் ஐந்து சனிக்கிழமை ஆனது. போன மழைக்கு டிக்கி காய்ந்திருந்தது. பெரியவரிடம் போய்ச் சொன்னேன், அவர் தெருவுக்கே வந்து டிக்கிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

இடது சில்லிலிருந்து வெட்டிய துண்டு, அந்த மஞ்சள் ஃபோமும் ரிவெட்டும் பட்டியுமாக, என் கராஜில் ஒரு பெட்டியில் இருக்கிறது. மெல்பர்னில் யாராவது துருவேலைக்கு முன்பணம் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். வந்து அதைக் கையில் எடுத்துப் பாருங்கள், அப்புறம் போய்ப் பேசுங்கள்.