டெஸாவ் பௌஹவுஸ்: கண்ணாடிச் சுவரைவிட மேடைக்கு நேரம் கொடுங்கள்

ஜெர்மனியின் டெஸாவ் நகரத்தில் இருக்கும் பௌஹவுஸ் என்ற பழைய கலை, வடிவமைப்புப் பள்ளியைப் பார்க்க வரும் கட்டடக்கலை மாணவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். செங்குத்தாக எழுதியிருக்கும் பௌஹவுஸ் என்ற பெயருக்குக் கீழே ஒரு படம், கண்ணாடிச் சுவரைச் சுற்றி ஒரு நடை, ஒரு காபி, மாலை ரயில். பெர்லினிலிருந்து வட்டார ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும் என்பதால் ஒரே நாளில் போய்வரத் தோன்றும். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். நேரம் இல்லையென்றால் கண்ணாடிச் சுவருக்கு ஒதுக்கியதில் பாதியை உள்ளே இருக்கும் நாடக மேடைக்குக் கொடுங்கள். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

நான் பெர்லினில் முதுகலை படிக்கிறேன். இந்த செமஸ்டரில் நவீனக் கட்டடக்கலை வரலாறு, ஓவியம், நடிப்பு மூன்றையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். ஊர் செய்யாறு பக்கம். அப்பா கட்டட மேஸ்திரி. முதல் இரண்டு பாடங்களுக்கும் அவர் தலையாட்டினார். "நடிப்பு எதுக்கு பாப்பா? வீடு கட்டறவங்க நடிச்சுக் காட்டணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டெஸாவுக்குப் போகும்வரை என்னிடம் அதற்கு ஒழுங்கான பதில் இல்லை.

பதில் அந்தக் கட்டடத்தின் வரைபடத்திலேயே இருக்கிறது. பள்ளியை நிறுவிய வால்டர் குரோப்பியஸ் வடிவமைத்து 1926 டிசம்பரில் திறக்கப்பட்ட கட்டடம் அது. பட்டறைகள் ஒரு சிறகில், தொழிற்பள்ளி இன்னொரு சிறகில், மாணவர் அறைகள் ஐந்து மாடிக் கட்டடத்தில். பட்டறைச் சிறகையும் தொழிற்பள்ளியையும் சாலைக்கு மேலே ஒரு பாலம் இணைக்கிறது. பட்டறைகளுக்கும் மாணவர் அறைகளுக்கும் நடுவே தாழ்வான ஒரு பகுதி. அதில் வரிசையாக மூன்று இடங்கள்: அரங்கம், மேடை, சாப்பாட்டுக் கூடம். மேடையின் இரண்டு பக்கமும் திறக்கும். அரங்கப் பக்கம் திறந்தால் முறையான நிகழ்ச்சி. சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் திறந்தால் தட்டும் கையுமாக உட்கார்ந்தபடியே நாடகம் பார்க்கலாம். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் முழுப் பகுதியும் ஒரே கூடம். வேலை செய்யும் இடத்துக்கும் தூங்கும் இடத்துக்கும் நடுவில், தினமும் கடந்துபோகும் வழியில் மேடையை வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நான் இளங்கலை படித்த கல்லூரியில் பௌஹவுஸ் என்றால் இரண்டு ஸ்லைடு: ஒன்று கண்ணாடிச் சுவர், இன்னொன்று குழாய் நாற்காலி. இப்படி ஒரு மேடை இருப்பதை யாரும் சொன்னதில்லை. தேர்விலும் வந்ததில்லை.

மேடைப் பட்டறையை 1923 முதல் 1929 வரை நடத்தியவர் ஒஸ்கார் ஷ்லெம்மர். ஓவியர், சிற்பி, நடன அமைப்பாளர். 1922இல் ஷ்டுட்கார்ட்டில் அரங்கேறிய அவருடைய 'முப்பகுதி பாலே'வில் மூன்றே ஆட்டக்காரர்கள், பதினெட்டு உடைகள். மஞ்சள், இளஞ்சிவப்பு, கறுப்பு என்று மூன்று பகுதி. உடைகள் துணியால் மட்டும் ஆனவை அல்ல. உருண்டையும் கூம்பும் கம்பிச் சுருளுமாக ஒரு மனிதரைச் சுற்றிக் கட்டிய சின்னக் கட்டடங்கள் என்று சொல்லலாம். உள்ளே இருப்பவர் கையை எவ்வளவு தூக்கலாம், எந்தப் பக்கம் சாயலாம் என்பதையெல்லாம் உடையே முடிவு செய்துவிடும்.

எங்கள் ஊர்ப் பக்கம் கூத்து பார்த்து வளர்ந்தவளுக்கு இது ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிவிட்டால் ஆள் நடக்கும் நடையே வேறு. தலையை மட்டும் சட்டென்று திருப்ப முடியாது, உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும். ஆனால் கூத்தில் வேடம் கட்டினால் ஒருவர் துரியோதனன் ஆகிறார். ஷ்லெம்மர் வேடம் கட்டி, இருக்கிற ஆளையும் அழித்துவிடுகிறார். முகமூடி, பஞ்சு அடைத்த உடை, பெயர் கிடையாது, வசனமும் அநேகமாகக் கிடையாது. மிச்சம் இருப்பது ஓர் உடம்பும் ஓர் அறையும். எனக்குக் கூத்துதான் அதிகம் பிடிக்கும், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் படிப்புக்கு ஷ்லெம்மர்தான் உதவுகிறார்.

டெஸாவில் அவர் செய்த சின்னச் சின்ன ஆட்டங்கள் இன்னும் நேரடியானவை. 'கழி ஆட்டம்' என்று ஒன்று. கை, கால், உடம்பு எல்லாவற்றிலும் நீளமான கழிகளைக் கட்டிக்கொண்டு ஆடுவது. முழங்கையைக் கொஞ்சம் மடக்கினால் கழியின் நுனி எங்கோ தூரத்தில் பெரிதாக ஒரு வளைவு போடும். எங்கள் நடிப்பு வகுப்பில் இதை முயன்று பார்த்தோம். முதலில் ஒரே சிரிப்பு. ஒருவர் கழி இன்னொருவர் மூக்கில். பிறகு ஆசிரியர் எங்களைக் கதவு வழியாக வெளியே போகச் சொன்னார். அங்கேதான் சிரிப்பு நின்றது. ஒரு கதவின் அகலத்தை நான் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன், உடம்பால் யோசித்தது அன்றுதான். 'வெளி ஆட்டம்' என்று இன்னொன்று. தரையில் சதுரமும் மூலைவிட்டமும் கோடுகளாகப் போட்டிருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் உடுத்திய மூன்று பேர் அந்தக் கோடுகள்மீது ஆளுக்கொரு வேகத்தில் நடப்பார்கள், அவ்வளவுதான். ஒரு கூடத்தில் மூன்று விதமான வேகம் இருந்தால் அது எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். ரயில் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் எதை வடிவமைத்தாலும் இதுதானே முதல் கேள்வி?

அப்பாவுக்கு இப்போது சொல்ல ஒரு பதில் இருக்கிறது. அவர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

தங்குவது பற்றி. மாணவர்கள் குடியிருந்த அந்த ஐந்து மாடிப் பகுதிக்குப் பிரெல்லர் இல்லம் என்று பெயர். 28 அறைகள். இப்போது அவற்றை விருந்தினர் அறைகளாக வாடகைக்கு விடுகிறார்கள். சகமாணவி ஒருத்தியோடு பகிர்ந்துகொண்டதால் எனக்குக் கட்டுப்படியானது. அறை தாராளமான அளவு, பெரிய சன்னல், ஒரு கைகழுவும் தொட்டி. கழிப்பறையும் குளியலறையும் அந்தந்த மாடிக்குப் பொது. டிவி கிடையாது. ஹோட்டல் வசதி எதிர்பார்த்து வருபவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது. விடுதியில் படித்தவர்களுக்குப் பழகிய வாழ்க்கைதான். கிழக்குப் பக்க அறைகளுக்கு ஆளுக்கொரு குட்டிப் பால்கனி உண்டு. பதிவு செய்யும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பேர் நின்றால் இடம் முடிந்தது. கைப்பிடியும் மெல்லிய குழாய்தான். 1920களில் மாணவர்கள் இந்தப் பால்கனிகளில் தொற்றிக்கொண்டு எடுத்த புகைப்படங்கள் பிரபலம். நீங்கள் அப்படி எதுவும் செய்ய வேண்டாம்.

பால்கனியிலிருந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் முதலில் பார்த்தது பால்கனியை அல்ல. "சன்ஷேடு எங்க? மழ சாரல் உள்ள அடிக்காதா?" என்றார். இங்கே மழை அப்படி அடிக்காது என்றேன். கீழே இறங்கிப் பட்டறைச் சிறகைக் காட்டியபோது, "மூலையில தூணு எங்க பாப்பா?" என்று குரல் மாறியது. சரியான இடத்தில் கைவைத்தார். தூண்களைச் சுவரோரத்தில் நிறுத்தாமல் உள்ளே தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். கான்கிரீட் தளம் தூணைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கிறது, கண்ணாடி அதன் விளிம்புக்கு வெளியே தொங்குகிறது. எடை தாங்கும் வேலை சுவருக்கு இல்லை என்பதால் மூலையில்கூடக் கண்ணாடியும் கண்ணாடியும்தான் சந்திக்கின்றன. இதை நான் விளக்கி முடிப்பதற்குள், "அப்ப வெயில்ல உள்ள வெந்துடுவாங்களே" என்றார். வெந்துதான் போனார்கள். கோடையில் சூடு, குளிர்காலத்தில் நடுக்கம் என்று அந்தச் சுவரைப் பற்றி அன்றே புகார் இருந்தது. பாடப்புத்தகம் நவீனத்தின் சின்னம் என்று சொல்வதை ஒரு மேஸ்திரி போனில் பார்த்தே கணக்குப் போட்டுவிட்டார்.

இன்று நீங்கள் பார்க்கும் கண்ணாடிச் சுவர் பழையது அல்ல. 1945 மார்ச் குண்டுவீச்சில் அது போய்விட்டது. 1976இல் நடந்த புனரமைப்பில்தான் பழைய தோற்றத்தில் திரும்ப வந்தது, அதுவும் இரும்புக்குப் பதில் அலுமினியச் சட்டங்களோடு. அது தெரிந்த பிறகு எனக்கு உள்ளே இருக்கும் சின்ன விஷயங்கள் மேல்தான் ஆர்வம் போனது. ஒரு சக்கரத்தைச் சுற்றினால் சங்கிலி வழியாக ஒரு வரிசைச் சன்னல் முழுவதும் ஒன்றாகத் திறக்கும் அமைப்பு இருக்கிறது. மாடிப்படிச் சுவரில், ஓவியம் மாட்ட வேண்டிய உயரத்தில், வெப்பமூட்டியை மாட்டி வைத்திருக்கிறார்கள். குசும்புதான். அரங்கத்தில் மார்செல் பிராயரின் எஃகுக் குழாய் இருக்கைகள். உட்காரும் பகுதி துணி, எழுந்தால் தானாக மடியும். உட்காருவதும் எழுவதுமே ஒரு சின்ன நடன அசைவு மாதிரி ஆகிவிடுகிறது.

கொண்டாட்டங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1929 பிப்ரவரியில் இங்கே 'உலோக விழா' என்று ஒன்று நடந்தது. கட்டடமெங்கும் தகடும் பளபளப்பும், விருந்தினர்கள் உள்ளே வருவதற்கு ஒரு சறுக்குமரம். பெரிய பேராசிரியரானாலும் சறுக்கித்தான் வர வேண்டும். நுழைவாயில் என்றால் என்ன என்று இதைவிட நன்றாக யாராவது பாடம் நடத்த முடியுமா தெரியவில்லை.

ஓவியப் பாடத்துக்கு, பௌஹவுஸ் ஆசிரியர்கள் குடியிருந்த இல்லங்களுக்குப் போங்கள். பத்து, பதினைந்து நிமிட நடை, பைன் மரங்களுக்கு நடுவே. வெளியே வெள்ளைப் பெட்டிகள். நவீனம் என்றால் வெள்ளை என்று நம்பி வருபவர்களுக்குக் காண்டின்ஸ்கி, க்ளீ என்ற ஓவிய ஆசிரியர்களின் வீட்டில் அதிர்ச்சி காத்திருக்கிறது. காண்டின்ஸ்கியின் வரவேற்பறை இளஞ்சிவப்பு, அதில் ஒரு மாடத்துக்குத் தங்கத் தகடு. சாப்பாட்டறையில் ஒரு சுவர் கன்னங்கரேல். பக்கத்து க்ளீ வீட்டில் வேறு வண்ணங்கள். ஒரே வரைபடத்தைக் கண்ணாடியில் பார்த்தமாதிரித் திருப்பிப் போட்டுக் கட்டிய இரண்டு வீடுகள், வண்ணத்தால் இரண்டு வேறு உலகம். 1928இல் காண்டின்ஸ்கி இதே ஊர் நாடக அரங்கில் ரஷ்ய இசையமைப்பாளர் முஸோர்க்ஸ்கியின் இசைக்கு ஒரு மேடை நிகழ்ச்சி செய்தார். பெரும்பாலான காட்சிகளில் ஆளே கிடையாது, வண்ண வடிவங்களும் ஒளியும்தான் நகர்ந்தன. அந்தக் கறுப்புச் சுவருக்கு முன்னால் நின்றபோது, அவர் வீட்டுக்குள்ளேயே அதற்கு ஒத்திகை பார்த்திருப்பாரோ என்று தோன்றியது.

போரில் அழிந்த குரோப்பியஸ் வீட்டையும் இன்னொரு ஆசிரியரான மொஹோலி-நாகியின் வீட்டையும் அப்படியே திரும்பக் கட்டவில்லை. 2014இல் அதே உருவத்தின் மங்கலான நினைவு மாதிரி, விவரங்களைத் துடைத்துவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். என்னோடு வந்த தோழிக்கு ரொம்பப் பிடித்தது. எனக்கு அது சுத்தபத்தமான மாடல் பொம்மை மாதிரிதான் இருந்தது.

நகர நடுவில் 2019இல் திறந்த பௌஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் போதும். கண்ணாடிக் கூடத்துக்குள் தூக்கி நிறுத்திய கறுப்புக் கான்கிரீட் பெட்டி, அதற்குள் காட்சி. காகிதமும் நெசவும் வெளிச்சத்தில் கெட்டுப்போகும் என்பதால் உள்ளே சன்னல் இல்லை. காரணம் புரிகிறது, ஆனாலும் சீக்கிரம் களைப்பு வந்துவிடுகிறது. மேடை சம்பந்தமான பொருட்கள் அசையாமல் நிற்கும்போது பாதிதான் பேசுகின்றன. நெசவுப் பகுதியை மட்டும் தவறவிடாதீர்கள். பெண்களுக்குச் சம இடம் என்று அறிவித்துத் தொடங்கிய பள்ளி, வந்த பெண்களைப் பெரும்பாலும் தறிக்கே அனுப்பியது. அங்கிருந்துதான் குந்தா ஷ்டோல்ட்ஸல் பட்டறைத் தலைமைக்கு வந்தார். அவர்களுடைய துணிகள் அங்கிருக்கும் பல நாற்காலிகளைவிடத் துணிச்சலானவை.

இந்தியத் தொடர்பு கேட்பவர்களுக்கு: 1922 டிசம்பரில், பள்ளி டெஸாவுக்கு வருமுன் வைமார் நகரத்தில் இருந்தபோதே, க்ளீ, காண்டின்ஸ்கி உள்ளிட்டோரின் படைப்புகள் கல்கத்தாவுக்கு வந்து, ககனேந்திரநாத் தாகூர் போன்ற வங்க ஓவியர்களின் படங்களோடு காட்சிக்கு வைக்கப்பட்டன. எங்கள் வரலாற்றுப் பாடத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டால் ஐரோப்பிய நவீனம் என்பார்கள்.

சாப்பாட்டுக்கு, பௌஹவுஸ் கட்டடத்திலேயே எளிமையாக முடித்துக்கொள்ளலாம். கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால் எல்பே நதிக்கரையில் கோர்ன்ஹவுஸ் உணவகம் இருக்கிறது. கார்ல் ஃபீகர் வடிவமைத்து 1930இல் முடித்தது. நதியைப் பார்த்து அரைவட்டமாக வளையும் கண்ணாடிக் கூடம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் மெனுவை முதலில் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

மறுநாள் காலை நேரம் இருந்தால் டொர்ட்டன் குடியிருப்புக்குப் பேருந்து பிடியுங்கள். சுமாரான வருமானமுள்ளவர்களுக்காக 1926 முதல் 1928 வரை குரோப்பியஸ் கட்டிய 314 வீடுகள். குறைந்த செலவு, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதற்காகக் கான்கிரீட் உத்திரங்களை அங்கேயே வார்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டே போனார்கள். அப்பாவுக்கு இந்தப் படங்கள்தான் ரொம்பப் பிடித்தன. சென்ட்ரிங் செலவு எவ்வளவு மிச்சம் என்று கேட்டுத் துளைத்துவிட்டார். குடியிருந்தவர்கள் காலப்போக்கில் சன்னலை மாற்றி, கதவை மாற்றி, பூச்சை மாற்றிவிட்டார்கள். இன்றும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். நடுவிலிருக்கும் பழைய கூட்டுறவுக் கடைக் கட்டடம்தான் இப்போது தகவல் மையம், அங்கே போய்க் கேட்டால் எந்த வீட்டுக்குள் போகலாம் என்று சொல்வார்கள்.