பழைய பாலி பின்பாலின் 5 வோல்ட்: சீரமைப்பதா, எஸ்எம்பிஎஸ் போடுவதா?

1977 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை வந்த பாலி (Bally) பின்பால் மெஷின் ஆடும்போதே ரீசெட் ஆனாலோ, ஆன் செய்ததும் எம்பியு (மெஷினின் மூளையான போர்டு) எல்இடி சிமிட்டாமல் எரிந்தபடியே நின்றாலோ, முதலில் சிப்களுக்குப் போகும் 5 வோல்ட்டைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் எல்இடி அப்படியே நின்றால், பேட்டரி கசிந்து எம்பியு போர்டை அரித்திருக்கலாம். அது வேறு வேலை.

ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் போர்டில், டிபி3 எனும் அளவிடும் புள்ளியில் சுமார் 11.9 வோல்ட், டிபி5-ல் 43, டிபி2-ல் 230 டிசி வர வேண்டும். அந்த 230 ஆபத்தானது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், (ரெகுலேட்டர்கள் இருக்கும்) டிரைவர் போர்டின் உயர்வோல்ட் கெபாசிட்டருக்குக் குறுக்கே 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரைப் பத்து விநாடி வைத்து வடித்துவிட்டே கைவையுங்கள்.

பழையதைச் சீரமைப்பது. 5 வோல்ட்டைத் தரும் எல்எம்323கே ரெகுலேட்டருக்கு உள்ளே குறைந்தது 7.5 வோல்ட் வேண்டும். டிரைவர் போர்டின் 11,700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் (சி23) காய்ந்துவிட்டால் ரிப்பிளின் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தின்) பள்ளம் அதற்கும் கீழே இறங்கும். ஃபிளிப்பரை அடித்ததும் எம்பியு தடுமாறும். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துபோனாலும் இதே அறிகுறிதான். மல்டிமீட்டரின் டயோடு மோடில் அளந்தால் தெரிந்துவிடும். சி23-ஐ மாற்றும்போதே அதன் மைனஸ் முனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ஜம்பர் போடுங்கள். கருகிய கனெக்டரில் ஆண் பின், பெண் பின் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் புதியதும் கருகும்.

எஸ்எம்பிஎஸ் (தனி ஸ்விட்சிங் பவர் சப்ளை). 5 வோல்ட் சுத்தமாக வரும், சூடு குறையும். ஆனால் சோலனாய்டுக்கு (ஃபிளிப்பர் போன்றவற்றை இயக்கும் காயிலுக்கு) 43, டிஸ்ப்ளேக்கு உயர்வோல்ட், விளக்குகளுக்கான சப்ளை எல்லாம் பழைய டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தே வர வேண்டும். எம்பியுவின் ரீசெட் சுற்றுக்கு 11.9 வோல்ட் தேவை. 43 இல்லாவிட்டால் எம்பியு எல்இடியின் ஏழாவது சிமிட்டல் (தொடக்கச் சோதனை முடிந்ததற்கான அடையாளம்) வராது. கருகிய பின்களும் அப்படியே கிடக்கும். அதனால் நோயின் பாதிக்கே இது மருந்து. போட்டே ஆக வேண்டுமானால் பழைய ரெகுலேட்டரின் வெளியீட்டைத் துண்டித்து, இரு கிரவுண்டுகளையும் இணைத்து, எம்பியு போர்டிலேயே அளந்து 5.0–5.1-க்கு வையுங்கள்.

மூன்றாவது வழி, புதிய ரெக்டிஃபையர் போர்டு. பழைய போர்டு கரிந்து தடங்கள் உரிந்திருந்தால் மட்டும். டிரான்ஸ்ஃபார்மர் கம்பிகள் போர்டில் நேரடியாக சால்டர் செய்யப்பட்டிருக்கும். படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். சி23 டிரைவர் போர்டில் இருப்பதால், இந்த வழியில் போனாலும் அதைத் தனியாக மாற்றியே ஆக வேண்டும்.